ட்ரொல்லோப்பை உடனிருந்து வாசித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரொல்லோப்பின் தன்வரலாற்றை எங்கள் வாசிப்பு வட்டம் படித்து முடித்திருக்கிறது. கூட்டங்களை நடத்தியவன் என்ற முறையில், துணை நின்றவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லியாக வேண்டும்.

முன்னுரையை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்திய நூலகர் அம்மாவுக்கு முதல் நன்றி. கைப்பிரதி தாம் இறந்த பிறகே அச்சேற வேண்டும் என்று 1876இல் மகனுக்கு எழுதிவைத்த கடிதத்தில் ட்ரொல்லோப் சொல்லியிருந்தார். 1882 டிசம்பரில் அவர் மறைந்தார். நூல் 1883இல் வெளிவந்தது. எந்த நாவலுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைப் பென்ஸ் என்னும் சில்லறைக் காசு வரை அவர் கணக்கெழுதி வைத்திருப்பதை, இது தெரிந்த பிறகு வேறு கண்ணோடு படித்தோம்.

அஞ்சல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்! ட்ரொல்லோப்பும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அஞ்சல்துறையில் இருந்தவர். தபால்காரர் நாளொன்றுக்கு 16 மைலுக்கு மேல் நடக்கலாகாது என்பது அக்கால விதி. அதற்குள் அடங்கும்படி கிராம வழிகளை வகுக்க அவர் குதிரையில் அலைந்தார். பீட், அதாவது ஒரு தபால்காரர் சுற்றிவரும் வழி, பிரிப்பது எப்படி என்று ஐயா தாளில் கோடு போட்டுக் காட்டினார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் எழுதிய ட்ரொல்லோப்பின் வழக்கத்தை, இயந்திரத்தனம் என்று பலரும் பழித்திருக்கிறார்கள். நாளையும் தூரத்தையும் அளந்தே பழகிய கை அது என்று ஐயா சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பெல்ஜியத்தின் புரூஜ் நகர வாழ்வைச் சொல்லும் பகுதியை வாசித்த அக்காவை மறக்கவே முடியாது. கடன்காரர்களுக்கு அஞ்சி ட்ரொல்லோப்பின் குடும்பம் அங்கே ஒதுங்கியிருந்தது. தந்தையும் அண்ணனும் நோயில் கிடந்தார்கள். தாய் ஃபிரான்சஸ் அவர்களுக்குப் பணிவிடை செய்தபடியே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். அந்த அறைகளில் மருந்துக் குப்பிகளுக்கும் மைக்கூட்டுக்கும் சம இடம் என்கிறார் மகன். அந்த வரியில் அக்கா நிறுத்தினார். கணவரின் கட்டிலருகே தாம் தையல் வேலை பார்த்த இரவுகளைச் சொன்னார். அதிகாலை நாலு மணிக்கே மேசைக்கு வந்துவிடும் அந்தத் தாயையும், ஐந்தரைக்கு எழுதத் தொடங்கிய மகனையும் இணைத்துக் காட்டியவரும் அவர்தான். எத்தனையோ திறனாய்வுகளைப் படித்திருக்கிறேன்; இவ்வளவு தெளிவு அவற்றில் கிடைத்ததில்லை.

தேநீரும் இடமும் தந்த வீட்டாருக்கும், குறிப்பெடுத்த தம்பிக்கும் நன்றி. அந்தக் குறிப்பேடு நூலகரிடம் இருக்கிறது. வேண்டுவோர் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

அன்புடன்,
வாசிப்பு வட்ட ஒருங்கிணைப்பாளர்