காலைக் குடுவையைக் கொட்டாமல் வைத்த பாட்டிக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த் பகுதி உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நேற்று முன்தினம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினேன். வயிற்று நீர் வடிந்துவிட்டது, கண்ணின் மஞ்சளும் தெளிந்து வருகிறது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி மருத்துவமனையில் சேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

முதல் நன்றி, எங்கள் வார்டைத் துப்புரவு செய்யும் ஜூலு மூதாட்டிக்கு. எல்லோரும் அவரைக் கோகோ, அதாவது பாட்டி, என்றே அழைப்பார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றதும் பலரும் என் குடிப்பழக்கத்தைப் பற்றியே கேட்டார்கள். மதுவைத் தொட்டதில்லை, ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன் என்று சொன்னபோது சிலர் புன்னகைத்தார்கள். (கல்லீரல் என்றாலே புட்டியைத் தேடும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு.) கோகோ எதுவும் கேட்கவில்லை. என் சிறுநீர்க் குடுவை விடியலில் கடுந்தேநீர் போலக் கறுத்தும் பிற்பகலில் தெளிந்தும் இருப்பதை நான்கு நாள் கவனித்தவர், ஐந்தாம் நாள் காலையில் நிறைந்ததைக் கொட்டாமல் வைத்திருந்து, பிற்பகல் குடுவையையும் அதனருகே வைத்துத் தாதியை அழைத்துக் காட்டினார். கொட்டிக் கழுவியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கறுப்பு, சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வந்த நிறம். பி.என்.எச். எனப்படும் அரிய நோயில், எலும்பு மச்சையில் பின்னாளில் நேரும் ஒரு மரபணுப் பிழையால் சிவப்பணுக்கள் தம்மேல் இருக்க வேண்டிய காப்புப் புரதங்களின்றிப் பிறக்க, உடலின் தற்காப்புப் புரதங்களே அவற்றை உடைத்துவிடுகின்றன; அதே நோயால் இரத்தம் உறைந்து கல்லீரல் சிரைகளை அடைத்ததே என் வீக்கத்துக்குக் காரணம். அந்தக் குடுவைகளுக்குப் பிறகுதான் இரத்த அணுக்களின் மேலுள்ள புரதங்களைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு அனுப்பினார்கள், நோயும் உறுதியாயிற்று.

இரத்தம் கொடுத்த கோயில் இளைஞர்களுக்கும், ஆடிக் கூழ் வேலைக்கு நடுவிலும் என் வீட்டுக்குச் சோறு அனுப்பிய அக்காமாருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற அண்டை வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் என் நன்றி. நான் இனி இரத்தம் கொடுக்க இயலாது. ஆனால் இந்நாட்டில் கொடையாளராவதற்குரிய 16 வயதை என் மூத்த மகன் இம்மாதம் எட்டுகிறான். 56 நாளுக்கு ஒருமுறை தானே செல்வதாகச் சொல்லியிருக்கிறான், அழைத்துச் செல்வது என் பொறுப்பு.

நான் புறப்பட்ட அன்று கோகோவுக்கு ஓய்வுநாள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே செல்கிறேன். அவர் அன்றைய வேலையை முடித்துப் பேருந்து ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.