அப்பாரு காதில் கடுக்கன் இருந்ததா?

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனியன் கம்பெனி கேட்லாக் வேலையில் உனக்குத் தூங்க நேரமில்லை என்று தங்கச்சி போனில் சொன்னாள். இருந்தாலும் ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஈரோட்டில் மாஸ்டர் ஸ்டுடியோவை மூடியபோது நெகட்டிவ் டப்பாக்களை நீதானே திருப்பூருக்கு எடுத்துப் போனாய்? அதில் 1979 கவர்களைத் தேட வேண்டும்.

போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் குடும்ப போட்டோ எடுத்தேன். நோம்பிக்கு ஒறம்பரை எல்லாம் வந்திருந்தார்கள், 23 பேர். நடுவில் அந்த வீட்டு ஆத்தா, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொன்னார்கள். ஆத்தாவின் வீட்டுக்காரர், அப்பாரு, போய் முப்பது வருடமாகிறது, அவரை அதில் உட்கார வைத்துத் தர வேண்டுமாம்.

அவருடைய படம் என்று அவர்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மூத்த மகள் கல்யாணத்தில், 1979-ல், நம் மாஸ்டர் எடுத்த குரூப். அதில் வெளிச்சம் வலப்புறமிருந்து வருகிறது. அதனால் நானும் களத்தில் மாலை நாலரை மணிக்கு வலப்புறம் வெளிச்சம் விழும்படி எல்லோரையும் நிறுத்தினேன். ஓரத்தில் நிற்பவர் தலை இழுபடக் கூடாதென்று 50 எம்.எம். லென்ஸோடு பின்னால் தள்ளிப் போனேன். இரண்டு வரிசையும் தெளிவாக விழ வேண்டுமென்று லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தேன். அப்பாரு வாட்டத்திலேயே இருக்கிற சின்ன மகனை அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒரு ஃபிரேம் தனியாக எடுத்துக்கொண்டேன். தரையில் விழும் நிழலைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் எப்படியும் தெரிந்துவிடும், நிஜ நிழலே வேண்டும்.

சிக்கல் பழைய படத்தில். பிரிண்ட் ஈரம் பட்டு ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் பண்ணலாம் என்று யாரோ அவசரமாகப் பிரித்து, அப்பாரு கண்ணுக்குக் கீழே தொடங்கி இடது காது வரை உரிந்து வெள்ளைக் காகிதமாகிவிட்டது. கண்ணாடியோடு கொண்டு வந்திருந்தால் அப்படியே வைத்து எடுத்திருப்பேன். மனசு ஆறவில்லை, மாப்ளே.

பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். போனில் ஏதோ ஒரு ஏ.ஐ. ஆப்பில் போட்டு, அரை நிமிடத்தில் முழு முகத்தையும் கொண்டு வந்து காட்டினான். கண் பளிச்சென்று இருக்கிறது, கன்னம் பீங்கான் மாதிரி, காதுகூட வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான்தான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாருடைய காது?

2002-ல் போட்டோஷாப் 7 வந்து ஹீலிங் பிரஷ்ஷை முதலில் பார்த்த அன்று நாம் எப்படித் துள்ளினோம்! ஆனால் அது பக்கத்துத் தோலிலிருந்துதான் எடுத்து ஒட்டும், அந்த மனுஷனுடைய தோல். இந்த ஆப் எத்தனையோ ஆயிரம் பேர் முகத்தைப் படித்துவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. கீறலை மூட ஊகம் போதும். பாதி முகத்துக்குப் போதாது.

அப்பாரு காதில் கடுக்கன் போட்டிருந்தவர். படத்தில் தெரிவது அந்த இடது காது மட்டும்தான். கிணற்றை ஆழப்படுத்தக் கடுக்கனைக் கல்யாணத்துக்கு முன்பே விற்றாச்சு என்கிறார் பெரிய மகன். “என்ற கண்ணாலத்துல போட்டிருந்தாருங்க, கெணறு அதுக்கப்பறந்தான்” என்று மூத்த மகள் அடித்துச் சொல்கிறார். ஆத்தாவைக் கேட்டேன். “வித்தது வித்தாச்சு கண்ணு, எந்த வருசம்னு நெனப்பில்ல” என்றார். ஆப் போட்டுக் கொடுத்த காதில் கடுக்கன் இல்லை. அதை அப்படியே மாட்டிவிட்டால் பத்து வருடத்தில் அதுவே சாட்சியாகிவிடும். மூத்த மகள் சொல்வது நிஜமாக இருந்தால், அவரை நான் பொய்யாக்கியவன் ஆவேன்.

மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டேன். கண் மூடிய இரண்டு பிள்ளைகளுக்கு அடுத்த ஃபிரேமிலிருந்து தலை மாற்றினேன். அதே நிமிடம், அதே பிள்ளை, அதில் எனக்கு உறுத்தல் இல்லை. பந்தல் துணியின் பச்சை எல்லோர் முகத்திலும் அடித்திருந்ததை எடுத்தேன். ஆத்தாவின் சுருக்கத்தையும், கையில் குத்தியிருக்கிற பச்சையையும் அழிக்கச் சொன்னார்கள். முடியாதுங்க என்று சொல்லிவிட்டேன். மாஸ்டரும் பென்சிலைச் சீவி நெகட்டிவில் அம்மைத் தழும்பை நிரவினவர்தான், மறக்கவில்லை. ஆனால் அவர் யாருக்கும் காது செய்து வைத்ததில்லை.

கவர் மேல் ஊர்ப் பெயரையும் தேதியையும் பென்சிலில் எழுதுவது அவர் வழக்கம். காங்கேயம் என்று இருக்கும். 120 ஃபிலிம், சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். டப்பாவைத் திறக்கும்போது காடி மாதிரிப் புளித்த வாசம் வந்தால் அந்தக் கவரை மட்டும் தனியே எடுத்து வை, மற்றதையும் கெடுத்துவிடும். ஓரத்தைப் பிடித்தே எடு. டேப்லெட்டில் வெள்ளைத் திரை வைத்து, நெகட்டிவை இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தி, உன் மேக்ரோ லென்ஸால் எடு. திரைக்கு மேலேயே படுக்க வைத்தால் புள்ளி புள்ளியாக விழும். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல். நாற்காலி, துண்டு, மடியில் வைத்த கை எல்லாம் பொருந்திவிட்டது. முகத்தை மட்டும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்