எந்த கோர்ட்னு சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் நியூஜெர்சில இருக்கேன், தினமும் காலைல உங்க பேப்பரை போன்லயே படிச்சிடுவேன். விசா, குடியுரிமை கேஸ் செய்தி வந்தாலே "அமெரிக்க கோர்ட் அதிரடி"ன்னு தலைப்பு போட்டுடறீங்க, எந்த கோர்ட்னு உள்ளயும் இருக்கறதில்ல. அதைப் படிச்சிட்டு ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி "எல்லாம் முடிஞ்சிருச்சாமே"ன்னு பதறுறாங்க, பாத்தா கேஸ் அப்பதான் முதல் படி ஏறியிருக்கும்.

இங்க ஃபெடரல் கோர்ட்ல, அதாவது மத்திய அரசு கோர்ட்ல, மூணு படி. கீழ 94 டிஸ்ட்ரிக்ட் கோர்ட், நடுவுல 13 அப்பீல் கோர்ட், மேல 9 நீதிபதிங்க இருக்கற சுப்ரீம் கோர்ட். மாநில கோர்ட்டுங்க இதுல சேராது.

சாட்சி, ஜூரி, குறுக்கு விசாரணை எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டோட சரி. நம்ம ஊர்ல முதல் அப்பீல்னா சாட்சியத்தை திரும்ப எடைபோட்டுப் பாப்பாங்க இல்லையா, அந்த நெனைப்புல இங்க வந்தா ஏமாந்துடுவோம். அப்பீல் கோர்ட்ல வழக்கமா 3 நீதிபதிங்க கீழ் கோர்ட் ரெக்கார்டையும் ரெண்டு தரப்பு எழுத்து வாதத்தையும் படிப்பாங்க, வக்கீல் நேர்ல பேசறதுக்கு கொஞ்ச நிமிஷம் கிடைக்கும், பல கேஸ்ல அதுவும் கிடையாது. சட்டத்தை சரியா பாத்தாங்களாங்கறதுதான் அங்க கேள்வி. யார் சொன்னது உண்மைன்னு கீழ முடிவு பண்ணதை, அப்பட்டமான தப்பு இருந்தாலொழிய தொட மாட்டாங்க. அதனால கீழ சொல்லாம விட்டதை மேல போய் சொல்லிக்கலாம்னு யாரும் இருந்துடக்கூடாது.

நம்மாளு கேஸே ஒண்ணு இருக்கு. 2017ல இலங்கைத் தமிழர் ஒருத்தர் மெக்சிகோ எல்லை தாண்டி 25 கஜ தூரத்துலயே பிடிபட்டார். அடைக்கலம் கேட்டார், ஆபீசர் மறுத்துட்டார், இமிக்ரேஷன் நீதிபதியும் அதையே சொன்னார். இந்த நீதிபதி அரசோட நீதித்துறை அமைச்சகத்துல வேலை பாக்கறவர், மேல சொன்ன மூணு படியில வரமாட்டார், இதையும் பேப்பர்ல குழப்பிடறாங்க. பிறகு அவர் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் போனா, இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமே இல்லன்னுட்டாங்க. 2019ல அந்த 13 அப்பீல் கோர்ட்ல ஒண்ணான 9வது சர்க்யூட் கோர்ட், அவருக்கு கோர்ட் கதவை அடைக்கக்கூடாதுன்னு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. 2020 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு அதை மாத்திடுச்சு. 2019 செய்தியை மட்டும் படிச்சிட்டு நம்பிக்கையோட கிளம்பியிருக்கற ஒரு குடும்பத்தை நெனைச்சா எனக்கு வயிறு கலங்குது.

கெடு வேற இருக்கு. சிவில் கேஸ்ல தீர்ப்பு வந்து 30 நாளுக்குள்ள அப்பீல் நோட்டீஸ் போடணும், ஃபெடரல் அரசு ஒரு தரப்பா இருந்தா 60 நாள். இமிக்ரேஷன் நீதிபதிக்கு மேல இருக்கற இமிக்ரேஷன் அப்பீல் போர்டு நாடு கடத்த உத்தரவு போட்டா 30 நாளுக்குள்ள நேரா அப்பீல் கோர்ட். 2007ல ஒரு கைதியோட கேஸ்ல, அப்பீல் கெடுவை சட்டப்படி 14 நாள்தான் நீட்டிக்கலாம், கீழ் நீதிபதி தவறுதலா 17 நாள்னு எழுதிட்டார், அதை நம்பி அந்த 17 நாளுக்குள்ள போட்ட அப்பீலை சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ல செல்லாதுன்னுடுச்சு. நீதிபதி சொன்னதை நம்பினது அவர் தப்பா? எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதனால கேக்கறேன், தலைப்புல இடம் இல்லன்னா முதல் வரியிலயாவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டா அப்பீல் கோர்ட்டா, இடைக்காலத் தடையா இறுதித் தீர்ப்பா, இன்னும் அப்பீலுக்கு வழி இருக்கான்னு போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், நியூஜெர்சி