ஒரு கையெழுத்து பாக்கி

அன்புள்ள கவி,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், உன் அண்ணனையும் லைனில் சேர்ப்பாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது. துறைமுகத்துக்குள்ளேதான், கிரேன்கள் வேடிக்கை பார்க்க. அப்பாவிடம் முதல் வாரம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். ஈரத் தலையோடு திரும்பியதும், "எந்தக் கோயில் குளம்?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

ரூபா, தில்னா என்று நம் கடற்படை அதிகாரிகள் இரண்டு பேர் 'தாரிணி'யில் உலகத்தைச் சுற்றினார்களே, அதைப் படித்ததில் ஆரம்பித்தது. 56 அடிப் படகு, இரண்டே பெண்கள். 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, ஆஸ்திரேலியாவில் உங்கள் பெர்த்துக்குப் பக்கத்தில் ஃப்ரீமாண்டிலிலும் நின்று, 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண். சரி, சின்ன வயசு, பயிற்சி எடுத்தவர்கள் என்று விட்டிருப்பேன். ஜீன் சாக்ரடீஸ் என்ற பிரிட்டிஷ் அம்மாள்தான் விடவில்லை. படகைத் தொட்டதே ஐம்பதை நெருங்கும்போது. 2003இல் கணவர் இறந்த பிறகு தனியாகவே ஓட்டினார். உலகைச் சுற்றி முடிக்கக் கொஞ்ச தூரமே இருக்கையில் படகு மெக்சிகோ கரையில் ஏறிப் பாழானது. இன்னொன்று வாங்கினார்! 2019இல், 77 வயதில், எங்கும் நிற்காமல் ஒரே ஆளாகச் சுற்றி முடித்தார். எனக்கு 58தான்.

சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்புகிறது. அது பழக நாலு வாரம் ஆயிற்று. காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் வளைந்துதான் முன்னேற வேண்டும் என்றார்கள். முப்பது வருஷம் உன் பாட்டியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

மூன்றாவது வாரம் வேண்டுமென்றே கவிழ்த்தார்கள். வாயெல்லாம் உப்பும் டீசல் வாடையும். லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். இரண்டு முறை வழுக்கினேன். அப்புறம் பாய் தண்ணீரை உதறிக்கொண்டு மெல்ல எழுந்தது. என் 74 கிலோ முதல் முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. (நீச்சல் போன வருஷமே கற்றுக்கொண்டேன், முட்டி வலிக்கு என்று சொல்லி.)

காலேஜில் என்.சி.சி. கடற்படைப் பிரிவுக்கு ஃபார்ம் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் டிவி மேல் கிடந்தது. வெயிலில் கறுத்துவிடுவாய், படிப்பு கெடும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் சாக்கு. எனக்குப் பயம். பெசன்ட் நகரில் உன்னை முட்டிக்கு மேல் இறங்க விட்டதில்லை, நானும் இறங்கியதில்லை. சுனாமிக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நீ அந்த ஃபார்மைக் கிழித்த சத்தத்தை அடுப்படியிலிருந்து கேட்டேன்.

அடுத்த மாதம் பெரிய படகில் துறைமுக வாயைத் தாண்டி வெளியே கூட்டிப்போகிறார்கள். அதற்கும் ஒரு ஃபார்ம். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம். அப்பா கேட்டால் போட்டுவிடுவார். ஆனால் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்று நாள் டிவி மேல் போட்டு வைத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அம்மா