கமெண்ட்டை மடிக்கும் மெஷின்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன், வேளாவேளைக்குச் சொட்டு மருந்து என்று ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது சுவர் மூலையில் ஒட்டடை தெரிகிறது என்று என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். கண் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், புரோகிராமில் படிப்பவருக்காக மட்டும் எழுதி வைக்கும் கமெண்ட் வரிகள் நீளமாக ஓடினால், எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் வரிக்கு 80 எழுத்துக்குள் மடித்துவிடலாம் என்கிறான், விடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. நான் பட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு பம்ப் கன்ட்ரோலருக்கு சி மொழியில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை ஓட்டும் புரோகிராம், எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு ஃபைலின் தலையில் கமெண்ட்டாகவே ஓர் அட்டவணை: வோல்டேஜ், மோட்டார் இழுக்கும் ஆம்பியர், எத்தனை வினாடியில் ரிலே ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்த வேண்டும், கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு. ஸ்பேஸ் தட்டித் தட்டி நானே நேராக நிறுத்தியது. குறிப்பு மட்டும் 80-ஐத் தாண்டியிருந்தது. ஒரு நாள் எல்லா ஃபைல் மேலும், புரோகிராமின் வரி அமைப்பைச் சீராக்கும் கிளாங்-ஃபார்மேட் என்ற கருவியை ஓட்டினோம். அதில் நாங்கள் வைத்திருந்த எல்எல்விஎம் என்ற பாணியில் கமெண்ட்டை மடிப்பது கேட்காமலே நடக்கும். முதல் வரிசையில் மிஞ்சின இரண்டு சொல்லை அது அடுத்த வரிசையின் தலையில் கொண்டுபோய் வைத்தது. அதனால் அந்த வரிசை நீண்டது, அதன் வால் அதற்கடுத்ததன் தலையில். இப்படியே கடைசி வரைக்கும்.

புரோகிராமை மெஷினுக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் கமெண்ட்டைப் படிக்காது, அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். ரிவ்யூவில் நாற்பது ஃபைல் மாறியிருந்தால் யார் கமெண்ட்டைப் படிப்பார்கள்? நானும் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் டீம் பெண் ஒருத்தி அந்த அட்டவணையைப் பார்த்து எழுதும்போது, ஆம்பியர் 12-ஐ வினாடி என்று எடுத்துக்கொண்டாள். மூன்று வினாடியில் ட்ரிப் ஆக வேண்டிய ரிலே 12 வினாடி சும்மா இருந்தது. டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது, அறை முழுக்க வைண்டிங் வார்னிஷ் வாடை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே மாதிரி இன்னொன்று. புரோகிராமில் சந்தேகமான இடங்களைச் சுட்டும் லின்ட்டரிடம் 'இந்த வரியை விட்டுவிடு' என்று சொல்ல வரிக் கடைசியில் நோலின்ட் என்று கமெண்ட் போடுவோம் இல்லையா? மடிப்பில் அது கீழே இறங்கிவிட்டால் செல்லாது. இதையாவது லின்ட்டர் கத்திக் காட்டிக் கொடுக்கும்.

காலேஜ் லேபில் நாம் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் அடித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரியில் 72ஆவது எழுத்திடத்தைத் தாண்டினதைக் கம்பைலர் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். டோட்டல்2 என்ற பெயரில் அந்த 2 மட்டும் 73-இல் விழுந்து, டோட்டல் என்றே ஓடி, விடை தப்பாக வந்து, நீ அழுதாய். 80 என்ற வரம்பே 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த, துளை போட்டு எழுத்தைப் பதியும் அட்டையின் அளவுதான். அந்த அட்டையை இன்றைய பிள்ளைகள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், கணக்கு மட்டும் அவர்கள் தலையில்.

இப்படிச் சீராக்கும் பல ஃபார்மேட்டர் கருவிகளை எழுதினவர்களே கமெண்ட்டில் கை வைக்கத் தயங்குகிறார்கள் என்பதை உன் பையனிடம் சொல். கோ மொழியின் ஃபார்மேட்டர் 2022-இல் வந்த 1.19-லிருந்து டாக் கமெண்ட்டை, அதாவது விளக்கக் குறிப்பாக எழுதும் கமெண்ட்டை, சீர்படுத்துகிறது, ஆனால் பத்தியின் வரிகளை நீ முறித்த இடத்திலேயே விட்டுவிடும். ரஸ்ட் மொழியின் ஃபார்மேட்டரில் மடிக்கும் வசதி இருக்கிறது, நாமாகக் கேட்டால்தான் உண்டு. பைத்தான் மொழிக்கான பிளாக் என்ற ஃபார்மேட்டர் நீள கமெண்ட்டை மடிப்பதே இல்லை. எந்த வரி முறிவு வேண்டுமென்றே போட்டது, எது தற்செயல் என்று எழுதினவருக்குத்தானே தெரியும்?

எனக்கும் மடிப்பு வேண்டாம் என்றில்லை. விம் எடிட்டரில் ஜி, க்யூ, ஐ, பி என்று நாலு சாவி தட்டினால் கர்சர் நிற்கும் பத்தி மட்டும் மடிந்து, ஒவ்வொரு வரி முன்னாலும் கமெண்ட் என்று காட்டும் இரட்டைச் சாய்கோடு தானாக வந்து உட்காரும். நீ இன்னும் இமேக்ஸ் எடிட்டர்தான் என்றால் ஆல்ட்-க்யூ. கண் முன்னால் நடப்பதால், பிசகினால் உடனே அன்டூ. அட்டவணைக்கு மேலேயும் கீழேயும் கிளாங்-ஃபார்மேட் ஆஃப், ஆன் என்று கமெண்ட் எழுதி, அது தொடாதபடி காவல் போட்டுவிட்டேன்.

அப்படியும் பையன் பிடிவாதம் பிடித்தால், மடிப்பை மட்டும் தனி கமிட்டாக, அதாவது மாற்றங்களின் வரலாற்றில் தனிப் பதிவாக, போடச் சொல். அந்த வரலாற்றை வைத்திருக்கும் கிட் 2.23-லிருந்து, அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதிக் காட்டினால், எந்த வரியை யார் எழுதினார் என்று பிளேம் கமாண்டில் பார்க்கும்போது முடிந்தவரை அதைத் தாண்டிப் போய் முன்பு எழுதினவர் பெயரைக் காட்டும். இல்லாவிட்டால் உன் பத்து வருஷ கமெண்ட்டெல்லாம் அவன் பெயரில் நிற்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. வீட்டுப் பால் கணக்குக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதில் கமெண்ட்டைத் தமிழிலேயே போட்டேன். பைத்தானோடு வரும், வரி மடிக்கும் டெக்ஸ்ட்ராப்பைக் கொண்டு மடித்தால் வரிகள் குட்டை குட்டையாக முறிகின்றன. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. புள்ளியைத் தனி ஆளாக எண்ணுகிறது! பைட் கணக்கில் பார்க்கிற கருவியிடம் போனால் 21. கடைசியில் கையாலேயே மடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ஆறு மணிக்கு மேல், அதற்கு முன்னால் சொட்டு மருந்து நேரம். உன் பெண்ணின் அட்மிஷன் என்னாயிற்று, எழுதவே இல்லையே?

அன்புடன்,
வசந்தி