மெட்ரோனிடசோலும் உன் வார்ஃபரினும்

கண்ணம்மா,

பல் டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ரோனிடசோல் ஆன்டிபயாட்டிக் ரத்தப் புரதத்தோடு 20 சதவீதம்கூட ஒட்டாதாம், அதனால் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினை அந்தப் புரதத்திலிருந்து தள்ளிவிடாது, சேர்த்துச் சாப்பிடலாம்தானே என்று கேட்டிருந்தாய். கணக்கு சரி, முடிவு தப்பு. இன்னும் வாயில் போடவில்லை என்றாயே, அந்த மட்டில் நிம்மதி.

வார்ஃபரினில் சுமார் 99 சதவீதம் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகிறது. வேலை செய்வது ஒட்டாமல் நிற்கும் அந்த 1 சதவீதம். இன்னொரு மருந்து வந்து இடத்தைப் பிடித்து, ஒட்டியிருப்பது 98 ஆகிவிட்டால் தனியாக நிற்பது 2, அதாவது இரண்டு மடங்கு. நீ படித்தது இதைத்தான், படித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் கல்லீரல் சிதைப்பதும் அந்தத் தனி மருந்தைத்தானே, அது கூடினால் சிதைப்பதும் கூடும், அதனால் கொஞ்ச நாளில் தனி மருந்து பழைய அளவுக்கே வந்துவிடும், ரத்தத்தில் மொத்த அளவுதான் முன்பைவிடக் குறைந்து தெரியும்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? மெட்ரோனிடசோல் கை வைப்பது கல்லீரலில். வார்ஃபரினில் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன, அதில் வீரியம் கூடியது எஸ் வடிவம், அதைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2சி9 என்ற நொதியின் வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடும். சிதையாமல் சேர்ந்துகொண்டே போனால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஏறும், ரத்தம் கசியும். ஃபினைல்பியூட்டசோன் என்ற பழைய வலி மருந்து வார்ஃபரினைப் புரதத்திலிருந்து தள்ளுகிறது என்றுதான் முதலில் பழி சொன்னார்கள். அது எஸ் வடிவம் சிதைவதையும் தடுக்கிறது என்பது 1970களில்தான் தெரிய வந்தது.

பல்வலிக்கு ஐபுப்ரூஃபெனும் நீயாக வாங்கிப் போடாதே. அது புரதத்தில் நன்றாகவே ஒட்டும், ஆனால் என் பயம் அதில்லை, வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தமாக்கும்.

வார்ஃபரினை நீயாக நிறுத்திவிடாதே, உன் இதய வால்வில் ரத்தம் உறைந்துவிடும். உன் இதய டாக்டருக்கு இன்றைக்கே போன் செய், வேறு ஆன்டிபயாட்டிக் தர முடியுமா என்று பல் டாக்டரையும் கேள். இதுதான் கொடுத்தாக வேண்டும் என்றால் வார்ஃபரின் அளவைக் குறைக்கணுமா, ஐ.என்.ஆர். எந்த நாளில் பார்க்கணும் என்று அவர்களே சொல்லட்டும். ஈறில் ரத்தம், சிறுநீர் சிவப்பு, மலம் கறுப்பு, எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

என்ன சொன்னார்கள் என்று ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிட்டுச் சொல், விழித்திருப்பேன்.

அப்பா