தாது உப்புக் கலவை தயாரிப்பவர்களுக்குச் செம்மறி வளர்ப்பவன் எழுதும் திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் மூட்டைகளின் மேல் ஒரு கொழுத்த பெட்டையும் பக்கத்தில் இரண்டு குட்டிகளும் நிற்கும் படம் இருக்கும். சினைப்பிடிப்பு கூடும், இரட்டைக் குட்டி ஈனும் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்த ஆட்டுக்கு, எப்போது, எத்தனை நாளுக்கு என்பது மட்டும் இருக்காது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மாட்டுக்கு வாங்கிய கலவையையே என் செம்மறிகளுக்கும் மாதக்கணக்கில் போட்டு வந்தேன். விற்றவர் "எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார், மூட்டையிலும் வேறு மாதிரி எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் நல்ல பெட்டை ஒன்று தொட்டிப் பக்கமே வரவில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் மஞ்சள், மூத்திரம் கருஞ்சிவப்பு. இரண்டு நாளில் போய்விட்டது. செம்பு நஞ்சு என்றார் மருத்துவர். மாடு தாங்குகிற செம்பைச் செம்மறி தாங்காது, அது கல்லீரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கி சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். அதற்காகச் செம்பே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, சினையில் அது பற்றாமல் போனால் பிறக்கும் குட்டி பின்னங்கால் தள்ளாடி விழும். செலினியமும் அப்படித்தான்: குறைந்தால் குட்டியின் தசை வெளுத்து நோயாகும், கொஞ்சம் கூடினாலோ விஷம். அதனால்தான் கேட்கிறேன், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று கண்ணில் படும்படி போடுங்கள்.

அப்புறம் அந்த இரட்டைக் குட்டி. கிடா சேர்ப்பதற்கு 2, 3 வாரம் முன்பிருந்து தீவனத்தைக் கூட்டினால் கருமுட்டை கூடுதலாக வெளிப்படும் என்பது உண்மை. ஆனால் அது மெலிந்த, நடுத்தர ஆட்டில் நடப்பது. கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகுத்தண்டின் மேல் விரலை வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும், எலும்பு முனை குத்துகிறதா, சதைக்குள் அமுங்கியிருக்கிறதா என்று. எலும்பும் தோலுமான ஆட்டுக்கு 1, மிகக் கொழுத்ததற்கு 5 என்று மதிப்பெண் போட்டால் 2, 2.5 இருக்கிற ஆடு பலன் காட்டும், 4 இருக்கிற ஆட்டுக்கு எதைக் கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதிலும் வேலை செய்வது பெரும்பாலும் தானியமும் புரதமும்தான். தாது உப்பு, குறை இருந்தால் நிரப்பும், குறையில்லாத ஆட்டுக்கு ஒரு குட்டி கூட்டித் தராது. இதை எழுதினால் உங்கள் விற்பனை குறையலாம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கிடாவுக்கு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 7 வாரம் பிடிக்கும். சேர்ப்பதற்கு முந்தின வாரம் ஊட்டச் சொல்லி விற்பது சரியில்லை.

இரட்டை என்று ஆசை காட்டினால் அதன் பிறகானதையும் சொல்ல வேண்டும் இல்லையா? சுமார் 147 நாள் சினையில் குட்டி வளர்வதில் பெரும்பங்கு கடைசி 6 வாரத்தில்தான். இரண்டு குட்டி வயிற்றை அடைத்துக்கொள்ள, தாயால் வைக்கோலை நிறையத் தின்ன முடியாது. அப்போது அடர்தீவனம் தராவிட்டால் தன் கொழுப்பையே கரைத்துக் கரைத்துத் தலை தொங்கிப் படுத்துவிடும், பல நேரம் குட்டிகளோடு போய்விடும்.

அடுத்த மூட்டை அச்சடிக்கும்போது, அந்தப் படத்துக்குக் கீழே 'செம்மறிக்கு' அல்லது 'செம்மறிக்குத் தராதீர்கள்', இரண்டில் ஒன்றைப் படத்தின் அளவுக்கே பெரிதாகப் போடுங்கள்.